திங்கட்கிழமை ஊழியம்

ஜூலை 8, 2025, செவ்வாய்

போதும். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சபைக் கமிட்டித் தேர்தலில் பீட்டர் என்னைத் தோற்கடித்தபோது நான் பேசவில்லை. ஆலையில் எனக்கு வரவேண்டிய மேலாளர் நாற்காலியில் சென்னையிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து உட்காரவைத்தபோதும் பேசவில்லை; உலைக்கு வாய் எந்தப் பக்கம் என்று அவனுக்குக் காட்டியதே நான்தான். ஆனால் இது வேறு. இதில் என் கார் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கார் பழையதுதான். எனக்குப் புதிது. எங்கள் சபையில் யார் வண்டி வாங்கினாலும் பாஸ்டர் வந்து ஸ்டீயரிங்கில் ஒலிவ எண்ணெய் தொட்டு ஜெபித்த பிறகே சாவியைத் திருகுவார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிறார்கள், நாங்கள் எண்ணெய் தொடுகிறோம். நான் வேதியியலில் முதுகலை படித்தவன். எண்ணெய்க்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பீட்டரின் ஸ்கூட்டருக்குக் கிடைத்தது என் காருக்கும் கிடைக்கவேண்டும். இது விசுவாசம் அல்ல, நியாயம்.

எனக்கு வார ஓய்வு திங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஸ்டீவனிடம் கேட்டேன். "திங்கக்கிழமை மட்டும் வேணாம் சார், அன்னிக்கி நான் ரெஸ்ட்டு. செவ்வாய் மொத வேலையா உங்க ஊட்டுக்கு வந்துடறேன்" என்றார். செவ்வாய் எனக்குக் காலை ஷிஃப்ட். சரி, அவசரம் என்றால் எடுப்பார் என்று நேற்று போன் அடித்துப் பார்த்தேன். அணைத்து வைத்திருக்கிறார்.

ரெஸ்ட்! வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் வாரத்தில் ஒரு நாள் ரெஸ்ட். தேவாலயச் சுவரில் 'ஜெப உதவிக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம்' என்று நீலப் பெயின்டில் எழுதி அவர் எண்ணையும் போட்டிருக்கிறோம். கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று சின்ன வயதில் எங்களுக்குப் படித்துக் காட்டினார்கள். பாஸ்டரும் ஓய்ந்திருப்பார் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

சிப்காட் முனையில் ஒரு லாரிக்காரன் இடது கதவில் நீளமாகக் கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டான். ஜெபிக்காத கார்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு பீட்டர் சபையின் அரையாண்டு அறிக்கையை வாசித்தான். அவன் வாசித்தால் ஏதோ தானே எழுதிய வேதாகம நிருபத்தை வாசிப்பது போலிருக்கும். நடுவில் பாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். தலை குனிந்திருந்ததால் ஜெபிக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் "ஆமென்" என்றுகூடச் சொன்னார்.

அவரைச் சும்மா குறை சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும். வியாழக்கிழமை, ஆலை பிரஸ் மெஷினில் விரல் போன பையனோடு திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளி உபவாச ஜெபம். சனிக்கிழமை ஒரு சாவு, அதே நாளில் ஒரு நிச்சயதார்த்தம். இடையில் ஆரோக்கியமேரியின் மகன் தேர்வு எழுதிய பேனாவுக்கு ஜெபம். தேர்வு ஏற்கெனவே எழுதி முடித்தாயிற்று. மார்க்குக்காக.

ஆனால் நாங்களும்தான் உழைக்கிறோம். எங்கள் அப்பாக்கள் யாருடைய வயலிலோ சேற்றில் நின்றார்கள், நாங்கள் யாருடைய ஆலையிலோ சூட்டில் நிற்கிறோம். எங்கள் ஆட்களுக்கு ஓய்வு என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று, கூலி இல்லாத நாள். இன்னொன்று, நிலத்துக்காரர் வீட்டுக் கட்டில். இந்த இரண்டில் பாஸ்டருடையது எது?

ஜூலை 17, வியாழன்

ஏஞ்சலிடம் சொன்னேன், திங்கட்கிழமைகளில் அந்த மனிதர் எங்கே போகிறார் என்று கண்டுபிடிக்கப்போகிறேன் என்று. "ஒங்களுக்குக் கெடைக்கறதே வாரத்துல ஒரு நாளு. அதையும் அந்தாள் பின்னாடி சுத்தி வீணாக்கப் போறீங்க" என்றாள். என் மனைவிக்குப் பொதுக்காரியம் என்றால் என்னவென்றே தெரியாது.

ஜூலை 21, திங்கள்

போனேன்.

காலை நாஷ்டா முடித்துவிட்டு அவரும் அவர் மனைவி ஜெபாவும் கும்மிடிப்பூண்டி பஜாரில் செங்குன்றம் பஸ் ஏறினார்கள். நான் காரில் பின்னாலேயே போனேன். என்னென்னவோ எதிர்பார்த்தேன். ரியல் எஸ்டேட் தரகு. வேறு சபையில் காசுக்குப் பிரசங்கம். மனைவி பேரில் எங்காவது கட்டிக்கொண்டிருக்கும் வீடு. காரனோடை தாண்டியதும் என் கற்பனை இன்னும் வேகமாக ஓடியது.

சோழவரத்தில் இறங்கி ஏரிக்கரை மேல் ஏறினார்கள். நான் காரைக் கீழே நிறுத்திவிட்டு ஒரு பனைமரத்துக்குப் பின்னால் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மரத்துக்குப் பின்னால் நிற்கிறேன், அதுவும் ஒரு பாஸ்டருக்காக.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு துப்பட்டியை விரித்தார்கள். வேர்க்கடலை தின்றார்கள். அவர் செருப்பைக் கழற்றினார். வானத்தைப் பார்த்தார். ஜெபா ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். ஆடுகள் அவர் தலைமாட்டுக்கு வந்தபோதெல்லாம் அந்தம்மா ஒரு குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். மூன்று ஆடு விரட்டல், ஒரு குறட்டை. குறட்டை என் மரம் வரைக்கும் கேட்டது.

வேறு ஒன்றுமே இல்லை. ஏமாற்றமாக இருந்தது. ஒரு தப்பாவது செய்திருக்கக்கூடாதா?

காரில் போய் உட்கார்ந்தேன், அவர்கள் எழுந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று. கண்ணைத் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கரையில் யாரும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

உலையில் என்னோடு வேலை பார்க்கும் மோகன்ராஜிடம் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் வேறு மதம், அதனால் பாரபட்சமில்லாமல் சொல்வார் என்று கேட்டேன்.

"எங்க ஊரு பூசாரி செவ்வா வெள்ளி தவுர ஆளையே பாக்க முடியாது சார். அம்மனை உள்ள வெச்சிப் பூட்டிக்கினு சாவிய இடுப்புல சொருவிக்கினு போய்க்கினே இருப்பாரு. அம்மன் ஒண்ணும் கோச்சிக்கல."

"எங்க பாஸ்டர் அப்படியில்லை. எந்நேரமும் கூப்பிடலாம்."

"அப்ப அவருக்கு ரிலீவர் யாரு?"

எங்கள் ஆலையில் அதுதான் சட்டம். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து இடத்தை வாங்கிக்கொள்ளாமல் யாரும் உலையை விட்டு இறங்கக்கூடாது. வரவில்லையா, நீயே அடுத்த ஷிஃப்ட்டும் பார். மோகன்ராஜை வேலையைப் பார்க்கச் சொன்னேன். இந்த ஆட்களிடம் இறையியல் பேச முடியாது.

ஜூலை 25, வெள்ளி

இன்று உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சிக்கு நின்றிருந்தார்கள். ஆரோக்கியமேரி என்னைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் சங்கத் தலைவி, ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. ஊரில் எது நடந்தாலும் முதலில் இவர் காதுக்கு வந்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகும்.

"இன்னா சார், திங்கக்கெழம ஆனா பாஸ்டரு எங்கதான் போறாரு? போன் போட்டா சுச்ச்டு ஆஃபு சுச்ச்டு ஆஃபுன்னே சொல்லுது. பேஜாரா கீது."

எனக்கு நாக்கு அரித்தது. சொன்னேன்:

"உங்களுக்குத் தெரியாதா? ஸ்டேஷன் ஸ்டேஷனாப் போறாரு. பிளாட்பாரத்துல கெடக்குறவங்களுக்கெல்லாம் தன் கையால முடி வெட்டி விட்டுக்கினு இருக்காரு. வெளிய தெரிஞ்சா பெருமையாப் போயிடும்னுதான் போனை ஆஃப் பண்ணி வெச்சிடறாரு."

அவர் வாயில் கை வைத்தார். "ஆண்டவரே" என்றார். தோள் குலுங்கியது. என் கிண்டலை ரசித்துச் சிரிக்க இந்தச் சபையில் ஒருவராவது இருக்கிறார் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

அவர் சிரிக்கவில்லை. அழுதிருக்கிறார்.

இன்று ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து மைக்கை வாங்கி, எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டேஷன், பிளாட்பாரம், முடி, எல்லாம். நான் சொல்லாததும் இருந்தது: பேன் பார்க்கிறாராம், புண்ணுக்கு மருந்து போடுகிறாராம். "நாமெல்லாம் அவர இன்னா பேச்சு பேசினோம்! சோம்பேறின்னு சொன்னோம்! நம்ம நாக்கு அழுவிப் போவணும்!" பெண்கள் பக்கம் முழுக்க அழுகை. பீட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

பாஸ்டர் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். பிரசங்கத்துக்கு முன்னால் சொன்னார்:

"யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. நான் யாருக்கும் முடி வெட்டலை. எனக்கு வெட்டவும் தெரியாது. திங்கக்கிழமை நான் தூங்குறேன். அவ்ளோதான்."

பீட்டர் எழுந்து, "பாத்தீங்களா தாழ்மைய!" என்றான். கைதட்டல். அவர் கையை ஆட்டி ஆட்டி மறுக்க மறுக்கத் தட்டல் கூடியது.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். அது கிண்டல் என்று. சொல்லவில்லை. ஏன்? சரி, சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் பார்க்கலாமே என்று தோன்றியது.

ஜூலை 28, திங்கள்

பாஸ்டர் வீட்டு வாசலில் இன்று விடியும்போதே ஏழெட்டுப் பேராம். "நாங்களும் வரோம் பாஸ்டர்" என்று. அவர்களை அனுப்பி முடிப்பதற்குள் செங்குன்றம் பஸ் எல்லாம் போய்விட்டதாம்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

சபை சார்பில் பாஸ்டருக்கு ஒரு டிரிம்மர், இரண்டு கத்தரிக்கோல், ஒரு வெள்ளைத் துணி. ரிப்பன் கட்டி, ஸ்தோத்திரம் பாடிக் கொடுத்தார்கள். பீட்டர் கமிட்டித் தீர்மானத்தைப் படித்தான்: 'திங்கட்கிழமை ஊழியம்' இனிமேல் சபையின் ஊழியம். வேன் ஏற்பாடாகிவிட்டது.

"எனக்கு அந்த ஒரு நாளாவது வேணும்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார். "அதான் பாஸ்டர், இனிமே நீங்க தனியா கஷ்டப்பட வாணாம், நாங்க கீறோம்" என்றார் ஆரோக்கியமேரி.

வாங்கிக்கொண்டார். எங்கள் ஆட்கள் அன்போடு கொடுத்தால் மறுக்க முடியாது. மறுத்தாலும் நடக்காது.

ஆகஸ்டு 11, திங்கள்

இரண்டாவது திங்கள். போன வாரம் போகவில்லை. இன்று நானும் போனேன். வார ஓய்வை வேறு எப்படிச் செலவழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ஓரம். பிளெக்ஸ், வேன், மைக், ஒரே மாதிரி மஞ்சள் டீஷர்ட்டில் வாலிபர் சங்கம். பிளாட்பாரத்தில் வழக்கமாகக் கிடக்கிறவர்களில் பாதிப்பேர் கூட்டத்தைப் பார்த்து போலீஸ் என்று பயந்து ஓடிவிட்டார்கள். மாட்டிக்கொண்டவர் துளசிராமன் என்ற கிழவர். ஏதோ கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்து, இப்போது எங்கும் இல்லாதவர். அவரை ஸ்டூலில் உட்காரவைத்துத் துணி போர்த்தினார்கள்.

பாஸ்டர் கத்தரியை எடுத்தார். கத்தரி பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"யோவ்! காது! அது காதுய்யா!"

"மன்னிச்சிக்குங்க ஐயா."

"ஓசில வெட்றன்னு என் தலைய பங்கு போட்றியா? மொதல்ல ஒரு டீ வாங்கிக் குடு. அப்பறமா எதுனா பண்ணு."

பீட்டர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே, "தாத்தா, கொஞ்சம் சிரிங்க தாத்தா" என்றான்.

"நீ வந்து ஒக்காரு, நான் சிரிக்கறேன்."

பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பேரில் என்னைத்தான் பார்த்தார். "சார், அந்தக் காதைக் கொஞ்சம் மடக்கிப் பிடிச்சிக்கறீங்களா?" பிடித்துக்கொண்டேன். அவர் கண் சிவந்திருந்தது. முந்தின நாள் இரண்டு ஆராதனை, ஒரு ஞானஸ்நானம், ஒரு புது வீட்டு ஜெபம். கிழவரின் பின்னந்தலை அறுத்த வயல் மாதிரி அங்கங்கே கட்டையாக நின்றது.

பிறகு டீ வாங்கிக் கொடுத்தது நான்தான். யாரும் படம் எடுக்கவில்லை.

ஆகஸ்டு 14, வியாழன்

பஜாரில் ஜெபா என்னை நிறுத்தினார். கையில் கருவாட்டுப் பை. சுற்றிவளைக்காமல் கேட்டார்.

"அண்ணா, அன்னிக்கி ஏரிக்கரைல பனைமரத்துக்குப் பின்னாடி நின்னது நீங்கதானே?"

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நான் அவர்கிட்ட சொல்லல. சொன்னா வருத்தப்படுவாரு. ஆனா ஒண்ணுண்ணா. அவரு திங்கக்கெழம ஒண்ணும் பண்றதில்லன்னு பாத்தது ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். நாங்க சொன்னா தாழ்மைன்றாங்க. நீங்க சொல்லுங்கண்ணா. இவரு சும்மா படுத்துத் தூங்கறாரு, வேற ஒண்ணும் பண்றதில்லன்னு, நீங்க பாத்தத சொல்லுங்க."

பிறகு இதையும் சொன்னார். இதற்கு முன்பிருந்த ஊரில் மூன்று வருடம் அவருக்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடையாதாம். ஒரு அடக்க ஆராதனையில், குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, செத்தவருடைய பெயர் மறந்துபோய்விட்டதாம். தினமும் பார்த்த மனிதர். பெயர் வரவில்லை. அங்கேயே மண்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாராம். எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் மூன்று நாள் அவர் பேசவில்லையாம். டாக்டர் மாத்திரை எழுதினார். அந்தம்மா திங்கட்கிழமையை எழுதினார். "வாரத்துல ஒரு நாளு எனக்குக் குடுத்தாதான் அடுத்த ஊருக்கு நான் வருவேன்னு சொன்னேண்ணா. எனக்காகத்தான் ஒத்துக்கினாரு. அவருக்குன்னு கேட்டா ஒத்துக்க மாட்டாரு."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை ஆரம்பித்தது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ச்சே, இன்னா பொழப்பு இது. கிண்டல் பண்ணா சிரிங்கடா! அதுக்கு ஏன்டா வேன் எடுக்கறீங்க?

ஆகஸ்டு 17, ஞாயிறு

சொல்லவில்லை. ஆராதனை முடிந்து கூட்டம் அதிகம்.

ஆகஸ்டு 18, திங்கள்

வேன் பொன்னேரிக்குப் போனது. நான் போகவில்லை. காரைக் கழுவினேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஆகஸ்டு 24, ஞாயிறு

இன்று பரமண்டல ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்த பாஸ்டர் பாதியில் நின்றுவிட்டார்.

உலகத்தில் எந்தப் பாஸ்டரும் மறக்கமுடியாத ஜெபம். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் நின்றார், நாங்களும் நின்றோம். வாய் திறந்திருந்தது, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று ஆரோக்கியமேரி விம்மத் தொடங்கினார். சபை முழுக்க 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்'. முதல் வரிசையில் ஜெபா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, உதடு அசைத்து, அடுத்த வார்த்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. கடைசியில் யாரோ பாட்டு எடுத்தார்கள், எல்லாம் அதில் மூடிப்போனது.

அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். ஆவி அல்ல. ரிலீவர் வராமல் மூன்றாவது ஷிஃப்ட்டாக நிற்கும் ஆபரேட்டரின் பார்வை. மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பான், எண்ணைப் படிக்கமாட்டான். 'எவ்வளவு காட்டுது' என்று கேட்டால் சிரிப்பான். அப்படி ஒருவனைக் கண்டால் நான் கையைப் பிடித்து இழுத்து வெளியே உட்காரவைத்துவிடுவேன். யார் என்ன சொன்னாலும் சரி, அந்த உலையில் நானே ஏறி நிற்பேன். இல்லாவிட்டால் யாராவது வெந்துபோவார்கள். பெரும்பாலும் அவனே.

ஆகஸ்டு 26, செவ்வாய்

கமிட்டி கூடியது. நான் உறுப்பினர் இல்லை. இருந்தும் போய் நின்றேன். பீட்டர் நல்ல உற்சாகத்தில் இருந்தான். முடி வெட்டும் வீடியோ பிஷப் வரைக்கும் போய்விட்டது. செப்டம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, பிஷப்பே வந்து ஊழியத்தை முறைப்படி தொடங்கிவைக்கிறார். மற்ற சபைகளுக்கும் இதுவே முன்மாதிரி. எல்லா ஊர் பாஸ்டர்களும் இனிமேல் திங்கட்கிழமைகளில் முடி வெட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

"பாஸ்டர் இன்னா சொன்னாரு?" என்றேன்.

"சரின்னு தலையாட்டினாரு."

மீட்டரைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

சொல்லிவிட்டேன். ஏரிக்கரை, துப்பட்டி, குறட்டை, ஆடு, எல்லாவற்றையும். அவர் திங்கட்கிழமைகளில் எதுவும் செய்யவில்லை, அவருக்கு அதுதான் வேண்டும், விட்டுவிடுங்கள் என்றேன்.

பீட்டர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "சார், உங்களுக்கு அவரு மேல காண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். கார் மேட்டரு. ஒருத்தரு நல்லது பண்ணா உங்களால தாங்க முடியாது. அதுக்காகப் பின்னாடியே போயி வேவு பாத்தேன்னு சொல்றீங்களே, வெக்கமா இல்ல?"

"முடி வெட்றாருன்னு முதல்ல சொன்னதே நான்தான்யா! இந்தம்மாகிட்ட! கிண்டலுக்குச் சொன்னேன்!"

ஆரோக்கியமேரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்களா? கிண்டலா? இத்தினி வருசத்துல ஒங்க மூஞ்சில ஒரு சிரிப்ப நாங்க பாத்திருக்கமா சார்? அன்னிக்கி ஆண்டவரு ஒங்க வாய்ல ஒக்காந்து பேசினாரு. இன்னிக்கி வேற எவனோ பேசறான்."

எனக்காக ஜெபித்து அனுப்பினார்கள். தலையில் கை வைத்து.

ஆகஸ்டு 28, வியாழன்

ஏஞ்சல்: "சபைக்குள்ள சொன்னா எடுபடாது. மேல எழுதுங்க. எழுதறதுதான் ஒங்களுக்குக் கை வந்த கலையாச்சே."

நியாயம்தான். பிஷப் ஆபீஸுக்கு நான் பல கடிதங்கள் எழுதியிருக்கிறேன். தேர்தல் முறைகேடு பற்றி, சுற்றுச்சுவர் கான்ட்ராக்ட் பற்றி, பீட்டரின் உச்சரிப்பு பற்றிக்கூட ஒன்று. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

ஆகஸ்டு 29, வெள்ளி

எழுதிவிட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது. இங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும்.

'பேராயர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் சபையின் போதகர் ஸ்டீவன் திங்கட்கிழமைகளில் ரகசிய ஊழியம் செய்வதாகத் தங்களுக்குத் தெரிவித்திருக்கிறார்கள். அது பொய். அவர் செய்வது இதுதான்: மனைவியோடு ஏரிக்கரைக்குப் போகிறார், கடலை தின்கிறார், தூங்குகிறார். நான் நேரில் பார்த்தேன். மற்ற ஆறு நாளும் எங்கள் பிணங்கள், பிள்ளைகள், வண்டிகள், பேனாக்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் வருகிறார். அவருக்குப் பதில் நிற்க இங்கே யாரும் இல்லை. ஆகஸ்டு முழுவதும் அவருக்கு ஒரு திங்கள்கூடக் கிடைக்கவில்லை. போன ஞாயிறு அவருக்குப் பரமண்டல ஜெபம் மறந்துபோனது. எங்கள் ஆட்கள் அதைப் பரவசம் என்று நினைத்தார்கள். அது பரவசம் இல்லை, உடம்பு. தயவுசெய்து எட்டாம் தேதி வராதீர்கள். வேறு ஏதாவது ஒரு கிழமை வாருங்கள். அந்த ஒரு நாள் அவர் ஒன்றும் செய்யக்கூடாது என்று கமிட்டிக்கு உத்தரவு போடுங்கள். அன்றைக்கு யாருக்காவது ஜெபம் தேவைப்பட்டால் நாங்கள் ஒருவருக்கொருவர் ஜெபித்துக்கொள்கிறோம். எங்களுக்கும் வாய் இருக்கிறது.'

வாசித்துப் பார்த்தேன். இதில் புகார் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. என் கடிதம் மாதிரியே இல்லை.

கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

சாலமோன் என்ற என் பெயரைப் பார்த்ததும் பிஷப் ஆபீஸில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வழக்கமான கோப்பில் செருகிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பெயர் இல்லாமல் வருகிற கடிதத்துக்குத்தான் அங்கே மரியாதை; மறுவாரமே ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும். ஜெபாவைக் கேட்கட்டும். அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாஸ்டரையே கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வார். விசாரிக்க வருகிறவன் எங்கள் சபைக்காரன் இல்லை, ஒருவேளை நம்புவான்.

யார் எழுதியது என்று பீட்டர் ஊரெல்லாம் தேடுவான். கமிட்டியில் நான் சொன்னதை வயிற்றெரிச்சல் என்றே எடுத்துக்கொண்டவன்; அவன் பட்டியலில் நான் இருக்கமாட்டேன். ஒருவருக்கு ஓய்வு கேட்டு சாலமோன் எழுதுவான் என்று நினைக்கிற அளவுக்கு அவனுக்குக் கற்பனை கிடையாது.

நாளை காலை ஷிஃப்ட்டுக்குப் போகும்போது பெட்டியில் போட்டுவிடப்போகிறேன். இத்தனை வருடத்தில் ஒரு மனிதரைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதியது இதுதான் முதல் தடவை. நம்பப்பட வேண்டுமானால் அதில் என் பெயர் இருக்கக்கூடாது. இல்லாமலே போகட்டும்.